பழைய கம்ப்யூட்டர் ஆன் ஆக ஏன் இவ்வளவு நேரம்?

எட்டு, பத்து வருடத்துக்கு முன் வாங்கிய லேப்டாப் ஆன் ஆகவே நாலைந்து நிமிடம் எடுக்கிறது என்றால், வீட்டில் இரண்டு தீர்ப்புகள் வரும். ஒன்று, "அதுக்கு வயசாயிடுச்சு, புதுசு வாங்கிடலாம்." இன்னொன்று, "ஃபார்மட் அடிச்சா சரியாயிடும்." இரண்டுமே அவசரத் தீர்ப்புகள். பிராசசருக்கு வயதானதால் வேகம் குறைவதில்லை. தூசி அடைத்துச் சூடேறாத வரைக்கும், வாங்கிய அன்று போட்ட கணக்கை இன்றும் அதே வேகத்தில்தான் போடும். ஃபார்மட் அடித்தால் கொஞ்ச நாளைக்கு நன்றாக ஓடும், அப்புறம் பழைய கதைதான்.

இந்தத் தாமதம் எங்கோ ஒரு குறிப்பிட்ட இடத்தில் நடக்கிறது. அந்த இடம் எது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அது தெரியாமல் கண்ணில் பட்ட ‘டிப்ஸ்’ எல்லாவற்றையும் செய்து பார்ப்பதில்தான் பலருடைய ஞாயிற்றுக்கிழமை வீணாகிறது.

பட்டனை அழுத்தியதிலிருந்து வேலை செய்யும் நிலை வரைக்கும் உள்ள நேரத்தை மூன்று துண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் துண்டு, கம்பெனி லோகோ தெரிந்து, அதன் கீழே விண்டோஸின் வட்டப் புள்ளிகள் சுழல ஆரம்பிக்கும் வரை. இரண்டாவது, புள்ளிகள் சுழல்வதிலிருந்து பாஸ்வேர்டு கேட்கும் திரை வரை. மூன்றாவது, பாஸ்வேர்டு போட்டதிலிருந்து பிரவுசரைக் கிளிக் செய்தால் உடனே திறக்கும் நிலை வரை. போனில் ஸ்டாப்வாட்சைப் போட்டு ஒருமுறை அளந்து, தாளில் குறித்துக்கொள்ளுங்கள். எந்தத் துண்டு நீளம் என்பதைப் பொறுத்து மருந்து மாறும்.

முதல் துண்டு பயாஸின் வேலை. மதர்போர்டில் இருக்கும் இந்தச் சின்ன மென்பொருள்தான் ராம், கீபோர்டு, டிஸ்க் எல்லாம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, விண்டோஸ் எந்த டிஸ்கில் இருக்கிறது என்று தேடும். விண்டோஸ் 10-இல் டாஸ்க் மேனேஜரைத் திறந்து ஸ்டார்ட்அப் பகுதிக்குப் போனால், வலது மேல் மூலையில் ‘லாஸ்ட் பயாஸ் டைம்’ என்று ஒரு எண் இருக்கும். கடைசியாக ஆன் செய்தபோது பயாஸ் எத்தனை வினாடி எடுத்தது என்பது அது. மிகப் பழைய மெஷின்களில் இந்த எண் தெரியாமலும் போகலாம், அப்போது ஸ்டாப்வாட்ச் கணக்கை வைத்துக்கொள்ளுங்கள். பழைய கம்ப்யூட்டருக்கு பத்துப் பதினைந்து வினாடி என்பது பரவாயில்லை. அரை நிமிடத்தைத் தாண்டினால் வெளியே என்ன செருகியிருக்கிறது என்று பாருங்கள். யுஎஸ்பியில் பழைய எக்ஸ்டர்னல் டிஸ்க், பென் டிரைவ், கார்டு ரீடர் ஏதாவது தொங்கிக்கொண்டிருந்தால் பயாஸ் அதையும் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் நகரும். பூட் வரிசையில் நெட்வொர்க் முதலில் இருந்தாலும் இதே கதைதான், பதில் வராத இடத்தில் கேட்டுவிட்டுக் காத்திருக்கும். பயாஸ் செட்டிங்கில் விண்டோஸ் இருக்கும் டிஸ்கை முதலில் வைத்தால் போதும்.

பழைய டெஸ்க்டாப்களில் இன்னொன்று உண்டு. ஆன் செய்தால் கறுப்புத் திரையில் ‘எஃப்1 அழுத்தவும்’ என்று நின்றுவிடும். தேதி எங்கோ பல வருடம் பின்னால் போயிருக்கும். பிரவுசரைத் திறந்தால் எந்தத் தளமும் பாதுகாப்பு எச்சரிக்கை இல்லாமல் திறக்காது. வைரஸ் என்று பயந்துபோய்க் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் நிறையப் பேர். பெரும்பாலும் மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 என்ற காசு வடிவப் பேட்டரி தீர்ந்துபோனதுதான் காரணம். பவர் இல்லாத நேரத்தில் தேதியையும் பயாஸ் அமைப்புகளையும் காப்பாற்றி வைப்பது அது. வாட்ச் கடையிலேயே கிடைக்கும். பவர் கேபிளைக் கழற்றிவிட்டு மாற்றி, தேதியைச் சரிசெய்தால் தீர்ந்தது.

மூன்றாவது துண்டு நீளம் என்றால் அதை ஒரு ரூபாய் செலவில்லாமல் குறைக்கலாம் என்பதால் இரண்டாவதற்கு முன் அதைச் சொல்லிவிடுகிறேன். கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். சின்ன ஜன்னலாக வந்தால் கீழே இருக்கும் ‘மோர் டீடெய்ல்ஸ்’ஸைக் கிளிக் செய்யுங்கள். ஸ்டார்ட்அப் பகுதியில், பாஸ்வேர்டு போட்டவுடன் நம்மைக் கேட்காமல் தானாக ஓட ஆரம்பிக்கும் எல்லாப் புரோகிராம்களும் வரிசையாக இருக்கும். பிரிண்டருக்கான உதவிப் புரோகிராம், எப்போதோ வீடியோ கால் பேசப் போட்ட மென்பொருள், டோரன்ட், கேம் லாஞ்சர், லேப்டாப் கம்பெனி கொடுத்த நாலைந்து சமாச்சாரங்கள், போன் பேக்கப், எல்லாம். பள்ளிக்கூடம் விட்டதும் எல்லாப் பிள்ளைகளும் ஒரே கேட்டில் முண்டியடிப்பது மாதிரி, இத்தனையும் ஒரே நேரத்தில் ஒரே டிஸ்கிடம் போய் நிற்கின்றன. அந்தக் கூட்டத்துக்கு நடுவில்தான் நீங்கள் பிரவுசரைக் கிளிக் செய்கிறீர்கள்.

அந்தப் பட்டியலில் ‘ஸ்டார்ட்அப் இம்பாக்ட்’ என்ற பத்தியில் ஹை, மீடியம், லோ என்று போட்டிருக்கும். இவை குத்துமதிப்பாகப் போட்டவை இல்லை. தொடங்கும்போது ஒரு வினாடிக்கு மேல் பிராசசரைப் பிடித்துக்கொண்டாலோ, 3 எம்பிக்கு மேல் டிஸ்கில் படித்து எழுதினாலோ அது ஹை. ஹை என்று இருப்பதில் தினமும் தேவைப்படாதவற்றை ரைட் கிளிக் செய்து டிஸேபிள் கொடுங்கள். இதனால் புரோகிராம் அழியாது, வேண்டியபோது நீங்களே திறந்துகொள்ளலாம். தொடாமல் விடவேண்டியவை சில உண்டு: விண்டோஸ் செக்யூரிட்டி, சவுண்டு டிரைவர், டச்பேட் டிரைவர், நீங்கள் தமிழ் தட்டச்சுக்கு வைத்திருக்கும் மென்பொருள். பெயரைப் பார்த்து என்னவென்றே தெரியவில்லையா, ரைட் கிளிக்கில் ‘சர்ச் ஆன்லைன்’ இருக்கிறது, தேடிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். விண்டோஸ் 7 என்றால் இதே பட்டியல் எம்எஸ்கான்ஃபிக் என்ற விண்டோஸ் அமைப்புப் பெட்டியில் இருக்கும். விண்டோஸ் 8 வந்தபோதுதான் டாஸ்க் மேனேஜருக்கு மாறியது.

கூடவே, ஆன்டிவைரஸ் எத்தனை இருக்கிறது என்று பாருங்கள். கடையில் ஒன்று போட்டுக்கொடுத்திருப்பார்கள், அதன் காலம் முடிந்து ‘புதுப்பியுங்கள்’ என்று கத்திக்கொண்டிருக்கும். அதற்கு மேல் இன்னொன்றை இலவசம் என்று போட்டிருப்போம். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் டிஃபெண்டர் உள்ளேயே வருகிறது. காலம் முடிந்ததை முழுமையாக நீக்கிவிட்டால் டிஃபெண்டர் தானாகப் பொறுப்பை எடுத்துக்கொள்ளும். வீட்டு உபயோகத்துக்கு அது போதும் என்பது என் கருத்து.

சரி, இனி இரண்டாவது துண்டுக்கு, விஷயத்தின் மையத்துக்கு வருவோம். ஸ்டார்ட்அப்பைச் சுத்தம் செய்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். பாஸ்வேர்டு போட்டவுடன் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ் பகுதியைப் பாருங்கள். பழைய லேப்டாப்பில் பெரும்பாலும் தெரியும் காட்சி இது: சிபியு 15, 20 சதவீதத்தில் சும்மா இருக்கும், டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். ஆனால் அந்த டிஸ்கைக் கிளிக் செய்து படிக்கும் வேகம் எவ்வளவு என்று பார்த்தால், வினாடிக்கு ஒன்று, இரண்டு எம்பி என்று இருக்கும். நூறு சதவீதம் வேலை செய்கிறது, ஆனால் இரண்டு எம்பிதான் படிக்கிறது. இது எப்படி?

ஹார்ட் டிஸ்கின் உள்ளே காந்தப் பூச்சுள்ள தட்டு சுழன்றுகொண்டிருக்கிறது. லேப்டாப் டிஸ்க் என்றால் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 சுற்று, அதாவது வினாடிக்கு 90 சுற்று. ஒரு சுற்றுக்கு 11 மில்லிவினாடி. தட்டின் மேல் ஒரு கை நகர்கிறது, அதன் நுனியில் படிக்கும் ஹெட். ஒரு ஃபைல் வேண்டும் என்றால், கை முதலில் சரியான தடத்துக்கு நகர வேண்டும், அதற்குச் சராசரியாக 12 மில்லிவினாடி. பிறகு தேவையான இடம் சுற்றி வந்து ஹெட்டுக்குக் கீழே நிற்கும் வரை காத்திருக்க வேண்டும், சராசரியாக அரைச் சுற்று, ஐந்தரை மில்லிவினாடி. ஆக ஒரு சின்னத் துண்டைப் படிக்கக் கிட்டத்தட்ட 17 மில்லிவினாடி. வினாடிக்கு அறுபது துண்டுக்கு மேல் இந்த டிஸ்கால் எடுத்துத் தர முடியாது.

கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது நடப்பதோ முழுக்க முழுக்கச் சின்னத் துண்டுகளைப் படிப்பதுதான். டிரைவர்கள், சர்வீஸ்கள், எழுத்துருக்கள், அமைப்புகள், ஐகான்கள் என்று டிஸ்கின் நாலாபக்கமும் சிதறிக் கிடப்பவை. கணக்குக்காகப் பத்தாயிரம் துண்டுகள் என்று வைத்துக்கொள்வோம். பத்தாயிரம் பெருக்கல் 17 மில்லிவினாடி என்றால் 170 வினாடி, ஏறக்குறைய மூன்று நிமிடம். அந்த மூன்று நிமிடத்தில் பெரும்பகுதி கை நகர்வதிலும் தட்டு சுற்றி வருவதிலும் போகிறது. ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாகப் போடும், சிப்களில் சேமிக்கும் எஸ்எஸ்டியில் சுழல்வது, நகர்வது எதுவும் இல்லை. எந்த மூலையில் இருக்கும் துண்டும் சுமார் 0.1 மில்லிவினாடியில் வந்துவிடும். அதே பத்தாயிரம் துண்டுகளுக்கு ஒரு வினாடி.

விண்டோஸ் முற்றிலும் முட்டாள்தனமாக ஒவ்வொன்றாகக் கேட்பதில்லை. அடுத்து எது தேவைப்படும் என்று முன்கூட்டியே வரிசைப்படுத்திப் படிக்கும் வசதி எக்ஸ்பி காலத்திலிருந்தே இருக்கிறது. அதனால் உண்மைக் கணக்கு நான் போட்டதைவிடக் கொஞ்சம் நல்லதாக இருக்கும். ஆனால் இரண்டு டிஸ்குகளுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி இவ்வளவு பெரியது என்பதால், மற்ற எல்லா மருந்தும் இதற்கு முன்னால் சின்னதாகிவிடுகிறது. மூன்று, நான்கு நிமிடம் எடுத்த லேப்டாப் எஸ்எஸ்டி போட்ட பிறகு அரை நிமிடத்துக்குள் ஆன் ஆவது சாதாரணமாக நடப்பதுதான். பழைய கம்ப்யூட்டருக்கு ஒரே ஒரு செலவுதான் செய்ய முடியும் என்றால், அந்தப் பணத்தை இதில் போடுங்கள் என்று எந்தத் தயக்கமும் இல்லாமல் சொல்வேன். 2011-இல் தொடங்கி தமிழ்நாடு அரசு மாணவர்களுக்குக் கொடுத்த விலையில்லா மடிக்கணினிகளில், ஆரம்ப ஆண்டுகளில் வந்தவற்றுக்குள் இருப்பதும் சுழலும் ஹார்ட் டிஸ்க்தான். பீரோவுக்கு மேல் கிடக்கும் அப்படிப்பட்ட ஒன்றை, பேட்டரி செத்திருந்தாலும் சார்ஜரில் போட்டு, வீட்டில் படிக்கிற பிள்ளைக்கு மறுபடி ஓட வைக்கலாம்.

உங்கள் மெஷினில் ஏற்கெனவே எஸ்எஸ்டி இருக்கிறதா என்பது டாஸ்க் மேனேஜரிலேயே தெரியும். புதிய விண்டோஸ் 10 பதிப்புகளில் டிஸ்க் பெயருக்குக் கீழே எஸ்எஸ்டி அல்லது எச்டிடி என்று போட்டிருக்கும். எச்டிடி, அதாவது சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால் கடையில் கேட்க வேண்டியது ‘2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி’. சாட்டா என்பது டிஸ்கை மதர்போர்டோடு இணைக்கும் முறை. "உங்க லேப்டாப் பழைய சாட்டா 2, இதுல எஸ்எஸ்டி போட்டாலும் வேஸ்ட்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சாட்டா 2-இல் பெரிய ஃபைலைக் காப்பி செய்யும் உச்ச வேகம் வினாடிக்கு 300 எம்பிக்குள் நிற்கும், அவ்வளவுதான். ஆன் ஆகும் நேரத்தைத் தீர்மானிக்கிற அந்த 0.1 மில்லிவினாடி அப்படியே கிடைக்கும். எஸ்எஸ்டிகள் பெரும்பாலும் 7 மில்லிமீட்டர் தடிமன், சில பழைய லேப்டாப்களின் இடம் 9.5 மில்லிமீட்டர். ஆடாமல் இருக்கச் சின்ன பிளாஸ்டிக் சட்டம் வைத்தால் சரியாகிவிடும். விலை குறைந்த சில லேப்டாப்களில் இஎம்எம்சி என்ற 32 அல்லது 64 ஜிபி சேமிப்பு போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். அதைக் கழற்றி மாற்ற முடியாது என்பதால், வாங்குவதற்கு முன் இதை மட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

பழைய டிஸ்கில் இருப்பதை அப்படியே புதியதற்கு குளோன் செய்யலாம், அல்லது விண்டோஸைப் புதிதாகப் போடலாம். வருடக்கணக்கில் குப்பை சேர்ந்த மெஷின் என்றால் புதிதாகப் போடுவதுதான் நல்லது. விண்டோஸ் 10-க்கான டிஜிட்டல் லைசென்ஸ் முக்கியமாக மதர்போர்டை வைத்து அடையாளம் காணப்படுவதால், டிஸ்க் மாறினாலும் அதே எடிஷனைப் போட்டு இன்டர்நெட்டில் இணைத்தால் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும். ‘புது கீ வாங்கணும்’ என்று தனியாகப் பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம்.

இதற்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது, இதைத் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். சமீபத்தில் திடீரென்று மெதுவான கம்ப்யூட்டர் என்றால், டிஸ்க் செத்துக்கொண்டிருக்கலாம். தட்டில் ஓர் இடம் பழுதானால் டிஸ்க் உடனே கைவிடாது. அதே இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கும், அந்த வினாடிகளில் திரை உறைந்து நிற்கும். ‘டிக்... டிக்...’ என்று சத்தம் வந்தால் நிலைமை இன்னும் மோசம். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள், டிஸ்க் தன்னைப் பற்றி வைத்திருக்கும் குறிப்புகளைப் படித்துக் காட்டும். நீலத்தில் ‘குட்’ என்று வந்தால் இப்போதைக்குக் கவலையில்லை. மஞ்சளில் ‘காஷன்’ என்று வந்தால் ஃபார்மட், டிஃப்ராக் (சிதறிய ஃபைல் துண்டுகளை ஒழுங்காக அடுக்குவது) எதையும் தொடாமல் முதலில் போட்டோக்களையும் சர்டிஃபிகேட் ஸ்கேன்களையும் வேறு இடத்துக்குக் காப்பி செய்யுங்கள். அந்த நிலையில் டிஃப்ராக் ஓட்டுவது, மிச்சம் இருக்கும் கொஞ்ச உயிரையும் ஓட்டியே தீர்ப்பதாகிவிடும்.

ராம் இரண்டாவது செலவு. 4 ஜிபி ராமில் விண்டோஸ் 10 ஆன் ஆகிவிடும், பிரவுசரில் நாலைந்து டேப் திறந்ததும் ராம் நிரம்பும். நிரம்பினால் மிச்சத்தை டிஸ்கில் எழுதி வைத்து, தேவைப்படும்போது திரும்பப் படிக்கும். அந்த டிஸ்க் சுழலும் டிஸ்காக இருந்தால் மேலே சொன்ன 17 மில்லிவினாடிக் கதை நாள் முழுக்கத் தொடரும். டாஸ்க் மேனேஜரில் மெமரியைக் கிளிக் செய்தால் மொத்தம் எத்தனை ஸ்லாட், எத்தனை பயன்பாட்டில் இருக்கிறது என்று காட்டும். ஒன்று காலி என்றால் இன்னொரு 4 ஜிபி போதும். வாங்கப் போகும்போது பழைய ராம் குச்சியையே கையில் எடுத்துக்கொண்டு போங்கள். டிடிஆர்3, டிடிஆர்3எல் இரண்டும் பார்க்க ஒன்றுபோல இருக்கும், ஆனால் முதலாவது 1.5 வோல்ட், இரண்டாவது 1.35 வோல்ட். 1.35 மட்டுமே ஏற்கும் லேப்டாப்பில் மற்றது வேலை செய்யாது. விண்டோஸ் 32-பிட் என்றால் வீட்டுப் பதிப்புகளில் 4 ஜிபிக்கு மேல் போட்டும் பயனில்லை, முதலில் 64-பிட்டுக்கு மாற வேண்டும்.

சி டிரைவ் சிவப்பாகும் அளவுக்கு நிரம்பியிருந்தால் டவுன்லோட்ஸ் ஃபோல்டரையும் ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யுங்கள். அப்டேட்டுக்கும் மெமரிக்கும் இடம் இல்லாமல் விண்டோஸ் திணறும்.

இன்னொரு குழப்பம் ஷட் டவுன் பற்றியது. விண்டோஸ் 8-இலிருந்து ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்று ஒன்று இருக்கிறது. ஷட் டவுன் கொடுக்கும்போது உங்கள் புரோகிராம்களை மூடிவிட்டு, விண்டோஸின் மையப் பகுதியை மட்டும் டிஸ்கில் அப்படியே எழுதி வைத்துவிடும். மறுநாள் ஒரே நீளமாக அதைப் படித்து ராமில் ஏற்றும், சிதறிக் கிடப்பதைத் தேட வேண்டியதில்லை. ஹார்ட் டிஸ்க் உள்ள மெஷினில் இது நல்ல உதவி, ஆஃப் செய்திருந்தால் ஆன் செய்துகொள்ளுங்கள். ஆனால் இதனால் மையப் பகுதி வாரக்கணக்கில் புதுப்பிக்கப்படாமலே ஓடும். ஏதாவது கோளாறாக நடந்துகொண்டால் ஷட் டவுன் செய்து ஆன் செய்வது போதாது, ரீஸ்டார்ட் கொடுக்க வேண்டும். ரீஸ்டார்ட்தான் எல்லாவற்றையும் முதலிலிருந்து ஏற்றும்.

பயன் தராதவற்றைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் யூடியூபில் அதிகம் கிடைப்பது அவைதான். டெஸ்க்டாப்பில் ரிஃப்ரெஷ் கொடுத்துக்கொண்டே இருப்பது ஐகான்களைத் திரும்ப வரைகிறது, வேறொன்றும் செய்வதில்லை. ரன் பெட்டியில் ‘ப்ரீஃபெட்ச்’ என்று அடித்து உள்ளே இருப்பதையெல்லாம் அழிப்பது தவறு. முன்கூட்டியே வரிசைப்படுத்திப் படிக்கும் வசதி என்று மேலே சொன்னேனே, அதற்கான குறிப்புகள் இருப்பது அந்த ஃபோல்டரில்தான். அழித்தால் அடுத்த சில தடவை இன்னும் மெதுவாகத்தான் ஆன் ஆகும். எம்எஸ்கான்ஃபிக்கில் ‘நம்பர் ஆஃப் பிராசசர்ஸ்’ஸை 4 என்று மாற்றினால் வேகமாகும் என்பார்கள். ஒன்றும் செய்யாமல் விட்டாலே விண்டோஸ் எல்லா கோர்களையும் பயன்படுத்தும், அந்தப் பெட்டி சோதனைக்காக எண்ணிக்கையைக் குறைக்க இருப்பது. ரெஜிஸ்ட்ரி கிளீனர், பிசி பூஸ்டர் வகையறாக்களைப் போடவே வேண்டாம். அவற்றில் பலவும் தாங்களே ஸ்டார்ட்அப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

இன்னொரு முடிவும் இப்போது எடுக்க வேண்டியிருக்கிறது. விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடித்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி மெஷினில் வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை பிராசசராவது வேண்டும். பழைய மெஷின்கள் பெரும்பாலும் இதில் அடிபட்டுவிடும். பேங்க் வேலை பார்க்கிற கம்ப்யூட்டர் என்றால் பாதுகாப்பு அப்டேட் இல்லாமல் ஓட்டாதீர்கள். படிக்க, எழுத, பிரவுசர் பார்க்க மட்டும் என்றால் விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு நல்ல வழி. 2 ஜிபி ராமிலேயே ஓடும், 4 ஜிபி இருந்தால் வசதி. தமிழ்99 விசைப்பலகையும் சேர்த்துக்கொள்ளலாம். பென் டிரைவில் ஏற்றி, டிஸ்கைத் தொடாமலே ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை, சவுண்டு, பிரிண்டர் மூன்றும் வேலை செய்கின்றனவா என்று அப்போதே சோதித்துவிட்டு, பிறகு புதிய எஸ்எஸ்டியில் நிரந்தரமாகப் போடுங்கள்.

கழற்றிய பழைய ஹார்ட் டிஸ்கைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். அதில் உங்கள் போட்டோக்களும் பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளும் அப்படியே இருக்கின்றன. ஒரு யுஎஸ்பி கேஸ் வாங்கி அதற்குள் போட்டால், ‘குட்’ காட்டும் டிஸ்கை இன்னும் சில காலத்துக்கு இரண்டாவது பேக்கப்பாக வைத்துக்கொள்ளலாம். காப்பி முடிந்ததும் கேபிளைக் கழற்றி எடுத்து வையுங்கள்.